எச்சிலையும் துப்புகிறாள்: டிஸ்ட்ரோபிக் ஈ.பி. உள்ள மகளுக்கு உணவுக்குழாய் சுருக்கம், என்ன செய்வது?

தேனருவி | திங்கள், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகளுக்கு 8 வயது. பிறந்தபோதே வலது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் இல்லை. ரிசசிவ் டிஸ்ட்ரோபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா (சுருக்கமாக ஈ.பி., லேசான உரசலுக்கே தோல் கொப்புளித்து உரியும் பிறவி நோய்) என்று பிறகு மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. கட்டு மாற்றுவது, கொப்புளத்தைக் குத்தி நீர் எடுப்பது எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. இப்போது வந்திருப்பது புதிது.

மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் தோசை வேண்டாம் என்றாள், பிறகு இட்லி. இப்போது குழைத்த பருப்புச் சாதத்தையும் வாயில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்கிறாள். நேற்று முதல் எச்சிலையும் டம்ளரில் துப்புகிறாள். ராத்திரி படுத்தால் இருமல். இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ குறைந்து 15.5 கிலோவில் நிற்கிறாள்.

வீட்டில் பெரியவர்கள், "அடம் பிடிக்கிறாள், நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்கிறார்கள். சொல்லச் சொல்ல எனக்கும் சந்தேகம் வந்து, முந்தாநாள் அதட்டி ஊட்டிவிட்டேன். அத்தனையும் மூக்கு வழியாக வந்தது. அன்றைக்கு நான் தூங்கவில்லை.

உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் எண்டோஸ்கோபி செய்து, சுருக்கம் இருந்தால் அப்போதே ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை உள்ளே விட்டு அகலப்படுத்திவிடலாம் என்றார்கள். நாளை மறுநாள் தேதி. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

---

கரிசல்காட்டான் | திங்கள், இரவு 11.58

சகோதரி, முதலில் ஒன்று சொல்லுங்கள். தண்ணீர் இறங்குகிறதா? இன்றைக்கு எத்தனை தடவை சிறுநீர் போனாள்? குறைந்திருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே அழைத்துப்போய் டிரிப்ஸ் போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

---

தேனருவி | செவ்வாய், நள்ளிரவு 12.05

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்குகிறது அண்ணா. சாயங்காலம் இளநீர் அரை டம்ளர் குடித்தாள். சிறுநீர் மூன்று தடவை.

---

கரிசல்காட்டான் | செவ்வாய், நள்ளிரவு 12.50

அப்படியென்றால் இன்றிரவு ஓடிவிடும். நான் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். என் மகனுக்கு 13 வயது. இதுவரை ஐந்து தடவை பலூன் வைத்து விரித்திருக்கிறோம்.

இது அடம் இல்லை. நம் பிள்ளைகளுக்கு ஏழாம் வகைக் கொலாஜன் உருவாவதில்லை, அல்லது வேலைக்கு ஆகாத அளவில் உருவாகிறது. மேல்தோலையும் கீழ்த்தோலையும் இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் அந்தக் கொலாஜனால் ஆனவை. அதே கொக்கிகள் வாயிலும் உணவுக்குழாயிலும் உண்டு, ஏனென்றால் அங்கே இருக்கும் உள்பூச்சும் தோலைப் போலவே அடுக்கடுக்கானது. இரைப்பைக்குள் போய்விட்டால் பூச்சின் வகையே வேறு. அதனால்தான் தொண்டையில் இத்தனை பாடு படும் பிள்ளைக்கு வயிற்றுக்குள் போன சாப்பாடு ஒழுங்காகச் செரிக்கிறது.

கெட்டியான கவளம் உரசிக்கொண்டு இறங்கும்போது உள்ளே கொப்புளம் வரும், ஆறும், தழும்பாகும். கையில் விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா, அதே கதைதான் உள்ளேயும். வருடக்கணக்கில் சேர்ந்து வளையம் போல இறுகிவிடும். பெரும்பாலும் மேல்பகுதியில், கழுத்தை ஒட்டித்தான் இந்த இறுக்கம் வருகிறது. கடுமையான ரிசசிவ் வகையில் வயது ஏற ஏற மிகப் பெரும்பாலானோருக்கு இது வந்தே தீருகிறது. உங்கள் வளர்ப்பில் குறை இல்லை.

இதில் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேற்று வரை நன்றாகச் சாப்பிட்டவளுக்கு இன்று திடீரென்று எதுவுமே இறங்கவில்லை என்றால் அது உள்ளே வந்த புதுக் கொப்புளமாக இருக்கலாம். சில நாள் நீராகாரத்தில் வைத்தால் அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை. தோசை, இட்லி, சாதம் என்று படிப்படியாகக் கைவிட்டிருக்கிறாள். அது தழும்பு இறுகியதன் அடையாளம். மேலே கடைசியாக ஒரு கொப்புளமும் சேர்ந்திருக்கலாம், அதனால்தான் எச்சில் வரைக்கும் வந்திருக்கிறது.

இனி உங்கள் புதன்கிழமைத் தேதிக்கு வருகிறேன். கனமான குழாய்களை மேலிருந்து உள்ளே தள்ளி விரிக்கும் பழைய முறை சாதாரண உணவுக்குழாய்க்குச் சரி. நம் பிள்ளைகளுக்கு அது உள்ளே போகும் வழி முழுவதையும் நீளவாக்கில் உரசிக்கொண்டே போகும். இந்த நோயில் அழுத்தத்தைத் தாங்கும் தோல், உரசலைத் தாங்காது. பலூன் முறையில் மெல்லிய கம்பி ஒன்றை மட்டும் சுருக்கத்தைத் தாண்டி அனுப்பி, அதன் மேல் சுருட்டிய பலூனைக் கொண்டுபோய், அந்த இடத்தில் மட்டும் ஊதி நாலாபுறமும் சமமாக விரிப்பார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செய்யலாம், எண்டோஸ்கோப் உள்ளே போக வேண்டிய அவசியம்கூட இல்லை. ஈ.பி.யைப் பார்த்துப் பழகியவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

சுருக்கத்தைக் கண்டுபிடிக்கவும் எண்டோஸ்கோபி வேண்டாம். வெள்ளையாக பேரியம் கரைசல் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு, ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். நாளை காலை அந்த மருத்துவரிடம் போய் இரண்டே கேள்வி கேளுங்கள். முதலில் பேரியம் எடுக்கலாமா? திரையில் பார்த்துப் பலூன் வைக்கும் வசதியும், ஈ.பி. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவமும் இங்கே இருக்கிறதா? இல்லை என்றால் குழந்தைகள் இரைப்பை-குடல் பிரிவும் இண்டர்வென்ஷனல் ரேடியாலஜியும் (எக்ஸ்ரே திரையில் பார்த்தே சிகிச்சை செய்யும் பிரிவு) இருக்கும் பெரிய இடத்துக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

---

நெய்தல்_பாட்டி | செவ்வாய், காலை 6.20

கண்ணு, ஆபரேஷன் எல்லாம் எதற்கு. வெறும் வயிற்றில் உருக்கிய பசு நெய் இரண்டு கரண்டி கொடுத்தால் தொண்டை இளகிக்கொடுக்கும். என் பேரனுக்குத் தொண்டைப் புண்ணுக்கு அப்படித்தான் சரியானது.

---

ஊட்டம் | செவ்வாய், காலை 7.15

அம்மா, நெய் கெடுதல் இல்லை. நானே கொடுக்கச் சொல்வேன், ஆனால் கலோரிக்காக. உள்ளே வளையமாக இறுகிய தழும்பை நெய் இளக்காது. அதை நம்பி நாட்களைக் கடத்தினால் குழந்தைதான் இளைக்கும்.

தேனருவி, நான் மருத்துவமனை ஒன்றில் உணவியல் நிபுணராக இருக்கிறேன். சிகிச்சைத் தேதி கிடைக்கும் வரை எடை இறங்காமல் பார்ப்பது உங்கள் வேலை. இந்தக் குழந்தைகளின் புண்கள் வழியாகப் புரதம், இரத்தம், வெப்பம் எல்லாம் போய்க்கொண்டே இருக்கும். சம வயதுப் பிள்ளையைவிட ஒன்றரை மடங்கு வரை கலோரி தேவைப்படலாம். அந்தக் குழந்தைக்குத்தான் நாம் நீர்க்கக் கரைத்த கஞ்சியைக் கொடுக்கிறோம். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது.

சத்துமாவுக் கஞ்சியைப் பாலில் காய்ச்சுங்கள். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நெய் விடுங்கள், அதுவே 45 கலோரி. பால் பவுடர் ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளும் என்றால் வறுத்துத் தோல் நீக்கி, விழுதாக அரைத்து, கை வைத்துப் பார்த்தால் நெருநெருப்பு இல்லாத பதத்தில் கலக்கலாம். கேழ்வரகுக் கூழ் என்றால் கேழ்வரகை அரைத்துத் துணியில் வடிகட்டிய பாலைக் காய்ச்சுங்கள், உமித்துகள் உரசும். அரைவேக்காடு வேண்டாம், முழுதாக வெந்த முட்டையைப் பருப்புத் தண்ணீரோடு மிக்சியில் அடித்துக் கொடுக்கலாம்.

தாளிப்பை மறந்துவிடாதீர்கள். ரசத்தை வடிகட்டிக் கொடுத்தேன் என்று சொல்லும் அம்மாக்களின் கிண்ணத்தில் நான் எத்தனையோ தடவை கடுகு பார்த்திருக்கிறேன். நமக்கு அது தெரியவே தெரியாது. புண்ணான தொண்டைக்கு ஒரு கடுகும் கருவேப்பிலை நரம்பும் கல் மாதிரி. தக்காளி விதையும் அப்படியே. சூடு மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் வெதுவெதுப்பே தெரியாத அளவுக்கு ஆறட்டும். புளி, மிளகாய் இப்போது வேண்டாம்.

மலம் எப்படிப் போகிறாள்? இதை யாரும் கேட்பதில்லை. ஆசனவாய்த் தோலிலும் கொப்புளம் வரும். வலிக்குப் பயந்து அடக்குவாள், அடக்கினால் இறுகும், இறுகினால் பசியே எடுக்காது. இரும்புச்சத்து டானிக் கொடுத்தால் இன்னும் மோசம். லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தால் இரும்பை நரம்பு வழியாகவே ஏற்றிவிடலாம், வயிறு தப்பிக்கும். எந்த மருந்தையும் மாத்திரையாகக் கொடுக்காதீர்கள், சிரப் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

---

தேனருவி | செவ்வாய், மாலை 5.30

மலம் நான்கு நாளைக்கு ஒரு தடவைதான். அதை இதோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

காலையில் மருத்துவரைப் பார்த்தேன். அண்ணா சொன்ன இரண்டு கேள்வியையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். அவர் கோபப்படவில்லை. பலூன் இங்கே பெரியவர்களுக்கு மட்டும் வைக்கிறோம் என்று சொல்லிக் கடிதம் கொடுத்தார். பேரியம் மட்டும் இன்றைக்கே எடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே ஒரே இடத்தில், நூல் மாதிரி ஒரு கோடுதான் இறங்குகிறது. படத்தை அவளுக்கும் காட்டினேன். "இவ்வளவு சின்ன ஓட்டையாம்மா?" என்றாள். பாட்டியும் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அடம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

பெரிய மருத்துவமனையில் வரும் திங்கள் சேர்க்கை. இப்போது மயக்க மருந்தை நினைத்துத்தான் பயம். போன வருடம் பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசியை ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தபோது புறங்கைத் தோல் முழுதாக வந்துவிட்டது.

---

வடகாற்று | செவ்வாய், இரவு 9.10

மயக்கவியல் மருத்துவராக வேலை செய்கிறேன். நான்கு ஈ.பி. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்திருக்கிறேன். முதல் குழந்தைக்கு முந்தைய இரவு நானும் தூங்கவில்லை, அதனால் உங்கள் பயம் புரிகிறது.

சேர்க்கைக்கு முன்பே மயக்கவியல் மருத்துவரை நேரில் பார்க்கக் கேளுங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்கை நீட்ட முடிகிறதா, கழுத்து எவ்வளவு வளைகிறது என்று அவர் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரோபிக் வகையில் வாய் சுருங்கி, நாக்கு அடியில் ஒட்டியிருக்கும். சுவாசக் குழாய் வைப்பது கடினமாகலாம், அதற்கு மெல்லிய ஃபைபர் ஆப்டிக் கருவியைத் தயாராக வைத்துக்கொள்வோம்.

தியேட்டருக்குள் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், நீங்களும் ஒரு தாளில் எழுதி அவளுடைய கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் வைக்கலாம். ஒட்டும் எதுவும் உடம்பில் படக்கூடாது. இசிஜி பட்டைகளின் பசை ஓரத்தை வெட்டிவிட்டு, சிலிகான் டிரெஸ்ஸிங்குக்கு இடையில் வைத்து, மேலே துணிக்கட்டு. ஆக்சிஜன் அளவு பார்க்க ஒட்டுகிற வகை வேண்டாம், கிளிப் போதும். பிபி கஃப் அடியில் பஞ்சுப் பட்டை. முகமூடியின் விளிம்பிலும் எங்கள் கையுறை விரல்களிலும் வாசலின் தடவுவோம். கண் இமையில் டேப் ஒட்டாமல் கண்ணுக்கான ஜெல் போதும். ஊசியைச் சிலிகான் டேப்பாலும் கட்டுத்துணியாலும் நிறுத்தலாம். தவறி எதையாவது ஒட்டிவிட்டால் இழுக்காமல், சிலிகான் ரிமூவர் தெளித்தோ வாசலினில் ஊறவைத்தோ எடுக்க வேண்டும்.

தூக்குவதில்தான் நிறையத் தவறு நடக்கிறது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் அங்கே தோல் போய்விடும். முடிந்தால் அவளையே மேசையில் ஏறிப் படுக்கச் சொல்லுங்கள், அவளுக்கு எது வலிக்கும் என்று அவளைவிட எங்களுக்குத் தெரியாது. மயங்கிய பிறகு விரிப்போடு சேர்த்துத் தூக்குவோம், இழுக்க மாட்டோம்.

---

செம்பருத்தி29 | புதன், அதிகாலை 1.30

எனக்கு 29 வயது. இதே நோய்தான். முதல் பலூன் 14 வயதில்.

அதற்கு முன் மூன்று வருடம் நான் சொல்லவே இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன், வெட்கப்படுகிறேன் என்று நினைப்பார்கள். பள்ளியில் மதிய உணவு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும், மணி அடித்துவிடும், டப்பாவை மூடிவிடுவேன். தேனருவி அக்கா, உங்கள் மகள் டம்ளரில் துப்பியாவது காட்டிவிட்டாள். என்னைப் போல மறைக்கவில்லை.

பலூனுக்குப் பிறகு இரண்டு நாள் தொண்டை எரியும். எச்சிலில் இரத்தம் கோடு போல வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். அன்று மாலையே நீராகாரம், மறுநாள் கூழ். ஆனால் நெஞ்சோ முதுகோ தாங்க முடியாமல் வலித்தால், காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறவென்று இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உணவுக்குழாய் ஓட்டையாகியிருக்கலாம். அரிதுதான், எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தடவையோடு முடியாது என்பதையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சில சமயம் எட்டு மாதம் தாங்கும், ஒருமுறை இரண்டு வருடம் தாங்கியது. மறுபடியும் சுருங்கினால் நாம் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை.

---

கூழாங்கல் | புதன், காலை 10.05

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். 8 வயதில் 15.5 கிலோ என்றால் பலூனோடு சேர்த்து, நேரே உணவு செலுத்த வயிற்றில் குழாயும் வைத்துவிடுவது நல்லது. என் மகளுக்கு நாங்கள் நான்கு வருடம் தாமதித்தோம், அந்த வளர்ச்சி திரும்பவே இல்லை.

---

கரிசல்காட்டான் | புதன், காலை 10.40

தோழர், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முதல் பலூனுக்கே முன்னால் குழாய் என்றால் குழந்தை மிரண்டுவிடும். விரித்த பிறகு மூன்று மாதம் எடையைப் பார்த்து முடிவு செய்யலாமே. குழாயைச் சுற்றிக் கசிந்து வயிற்றுத் தோல் புண்ணாவதும் நம் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

---

செம்பருத்தி29 | புதன், பகல் 12.15

எனக்கு 16 வயதில் குழாய் வைத்தார்கள். கசிவு இருந்தது, இருக்கிறது. ஆனால் தட்டைப் பார்த்தால் வரும் பயம் அன்றோடு போய்விட்டது. ராத்திரி தூங்கும்போது பம்ப் வழியாகச் சத்து இறங்கிவிடும். பகலில் எனக்குப் பிடித்ததை நாக்குக்காக மட்டும் சாப்பிடுவேன். அம்மாவும் நானும் சாப்பாட்டுக்காகச் சண்டை போடுவது நின்றது. கூழாங்கல் அண்ணா சொல்வதில் உண்மை இருக்கிறது. மூன்று மாதம் என்பது மூன்று மாதமாகவே இருக்கட்டும், வருடமாகிவிடக்கூடாது.

---

மாலைச்சந்தை | புதன், மாலை 4.50

அமெரிக்காவில் 2023 மே மாதம் ஒரு மரபணு ஜெல்லுக்கு அனுமதி கிடைத்ததே, வைஜுவெக். அது தொண்டைக்கும் உதவுமா? வாங்கப் பணம் திரட்டலாமா?

---

வடகாற்று | புதன், இரவு 8.25

அது வெளியே இருக்கும் தோல் புண்ணில் வாரம் ஒருமுறை சொட்டுச் சொட்டாக விடுவது. வலுவிழக்கச் செய்த ஹெர்பிஸ் வைரஸ் மூலம் ஏழாம் வகைக் கொலாஜனின் மரபணுவைப் புண்ணுக்குள் கொண்டுபோகிறது. பெரிய முன்னேற்றம்தான், நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் உணவுக்குழாய்க்கு அனுமதி இல்லை, இறுகிப்போன தழும்பை அது விரிக்காது.

தொண்டைக்கு மருந்து என்று பேசினால், புடெசொனைடு என்ற ஸ்டீராய்டைக் கெட்டியான சர்க்கரைக் கரைசலில் கலந்து விழுங்கவைக்கும் முறையைச் சில மையங்கள் சில குழந்தைகளிடம் முயன்று, மறுபடி சுருங்குவது தள்ளிப்போவதைப் பார்த்திருக்கிறார்கள். வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், திங்களன்று கேட்டுப் பாருங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், மேலேறும் அமிலமும் புண்ணைக் கிளறும்.

அப்புறம், டெப்ரா இண்டர்நேஷனல் ஈ.பி. பராமரிப்புக்கான மருத்துவ வழிகாட்டிகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1978இல் பிரிட்டனில் டெப்ரா என்ற பெண்ணின் தாயார் ஃபிலிஸ் ஹில்டன் தொடங்கிய அமைப்பிலிருந்து கிளைத்தது. அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். இந்த நோயைப் படிப்பில் மட்டுமே பார்த்த மருத்துவருக்கு அது உதவும்.

---

தேனருவி | வியாழன், இரவு 10.30

இன்னொன்று கேட்க வேண்டும். நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். உறவில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று ஒரு சொந்தக்காரர் நேற்று முகத்துக்கு நேரே சொன்னார்.

---

வடகாற்று | வியாழன், இரவு 11.20

இருவருமே ஒரு பழுதான பிரதியைத் தெரியாமல் சுமந்திருக்கிறீர்கள். உறவுக்குள் அந்த வாய்ப்பு கூடும் என்பது உண்மை. உறவே இல்லாத தம்பதிகளுக்கும் இதே நோயோடு பிள்ளை பிறக்கிறது, அதுவும் உண்மை. சுமப்பவருக்கு உடம்பில் எந்த அறிகுறியும் இருக்காது, உங்களால் அறிந்திருக்கவே முடியாது. அடுத்த குழந்தை யோசித்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு, கருவிலேயே பரிசோதிக்க முடியும். மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அந்தச் சொந்தக்காரருக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்படவில்லை.

---

கரிசல்காட்டான் | ஞாயிறு, மாலை 6.00

நாளைக்குக் கிளம்பும் முன் ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: சுருக்கம் எங்கே இருந்தது, பலூன் எத்தனை மில்லிமீட்டர் வரை விரித்தது, சுவாசக் குழாய் என்ன அளவு. இரண்டாம் தடவை வேறு ஊரில் செய்ய நேர்ந்தபோது இந்த விவரம் இல்லாமல் நாங்கள் மிகவும் திண்டாடினோம்.

---

தேனருவி | புதன், இரவு 9.45

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

செவ்வாய் காலை உள்ளே போனாள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வடகாற்று டாக்டர் சொன்னதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தேன், அந்த மயக்க மருந்து அம்மா அதைத் தியேட்டர் கதவிலேயே மாட்டிவிட்டார். மேசையில் அவளே ஏறிப் படுத்தாளாம். உதட்டோரம் ஒரு கொப்புளம், கையில் ஒன்றுமில்லை. நேற்று சாயங்காலம் இளநீர் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் தேடினாள், துப்புவதற்கு. அப்புறம் அவளுக்கே புரிந்து, அதைத் தள்ளி வைத்துவிட்டாள்.

இன்றைக்கு மதியம் குழைத்த பருப்புச் சாதம், நெய் விட்டு, தாளிக்காமல். பத்து நிமிஷத்தில் ஒரு கிண்ணம். பாட்டிதான் ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், குழாய் பற்றி அப்போது பேசலாம் என்றார்கள். நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

---

கரிசல்காட்டான் | புதன், இரவு 9.52

கண் கலங்கிவிட்டது சகோதரி. சீட்டில் அளவு எழுதி வாங்கினீர்களா?

---

தேனருவி | புதன், இரவு 9.58

வாங்கினேன் அண்ணா. முதலில் 8, பிறகு 10 மில்லிமீட்டர். பேரியம் படத்தோடு சேர்த்துப் பின் பண்ணி வைத்திருக்கிறேன்.